வலப்பக்கத்துப் புகைக்குழாய்

தில்லைநாதனின் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் முடி முளைக்காது. பத்தொன்பது வயதில், கடலூர் முதுநகரில் ஒரு லாரி ஷெட்டில் வேலை பார்த்தபோது, சூடு ஆறாத ரேடியேட்டரின் மூடியைத் திறந்துவிட்டார். பொங்கி அடித்த தண்ணீர் தோலை உரித்துக்கொண்டு போயிற்று. முகத்தில் படாமல் தப்பியது சாமி புண்ணியம் என்றார்கள். அன்றிலிருந்து முப்பத்து நான்கு வருஷமாக, எந்த வண்டி வந்து நின்றாலும் அவர் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். சிதம்பரம் புறவழிச்சாலையில் சொந்தமாகப் பட்டறை வைத்த பிறகு, "தில்லை கை வச்ச வண்டி கொதிக்காது" என்று டிரைவர்கள் சொல்லிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்தப் பேச்சு அவர் காதிலும் விழும். கேட்காதது போல இருப்பார். ஆனால் அவருக்கு அது பிடிக்கும்.

அவருக்கு ஒரே தங்கை, தமிழ்ச்செல்வி. வல்லம்படுகைப் பக்கம் குத்தகை நிலத்தில் உழுத அப்பா பாதி வயதிலேயே போய்விட்டதால், தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தது தில்லைநாதன்தான். முதுநகரில் லாரி வைத்திருந்த வைத்திலிங்கத்தை வேலை நிமித்தம் அவருக்குத் தெரியும். குடிக்க மாட்டார், வண்டியை அடித்து ஓட்ட மாட்டார். அது போதும் என்று பேசி முடித்தார். மைத்துனர்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே வயது.

வைத்திலிங்கத்திடம் இருந்தது ஒரே லாரி. எழுபத்து நாலாம் வருஷத்து வண்டி, அவருடைய அப்பா வாங்கியது. இந்தக் காலத்து லாரி மாதிரி முகம் தட்டையாக இருக்காது. இஞ்சின் முழுவதும் முன்னால் நீண்ட மூக்குக்குள் உட்கார்ந்திருக்கும். கரும்பு வெட்டுக் காலத்தில் பெண்ணாடம் ஆலைக்கு ஓடும், மற்ற நாளில் கிடைத்த லோடுக்கு ஓடும். "ஆயுத பூஜைக்கு அந்த வண்டிக்குப் போடுற மாலைய எனக்குக் கல்யாணத்துலகூட இவரு போடலண்ணே" என்று தமிழ்ச்செல்வி சொல்லிச் சிரிப்பாள்.

கார்த்திகை மாசத்தில் அந்த இஞ்சினின் வார்ப்பிரும்பு உடம்பான பிளாக் விரிசல் விட்டது. ஒட்டிப் பார்த்தும் தாங்கவில்லை. அந்தக் காலத்துப் பிளாக் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. வண்டியை உடைக்கப் போட்டுவிடலாம் என்று சொல்லத் தில்லைநாதனுக்கு வாய் வரவில்லை. விபத்தில் நசுங்கிய ஒரு புது லாரியிலிருந்து நல்ல இஞ்சினாகக் கழற்றி வந்தார். டர்போ வைத்த இஞ்சின். தான் விடுகிற புகையைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அழுத்தி உள்ளே தள்ளிக்கொள்ளும். பலம் ஜாஸ்தி. சூடும் ஜாஸ்தி.

அந்தச் சூட்டை எப்படி ஆற்றுவது என்பதுதான் அவருக்குப் பெரிய வேலையாக இருந்தது. முதுநகரில் ரேடியேட்டர் வேலை செய்யும் அன்புமணியிடம் பழைய ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்.

"புது வண்டியோட அலுமினிய ரேடியேட்டரே இருக்கும்ல? அதை மாட்டிட்டுப் போயேன் தில்லை" என்றார் அன்புமணி.

"அகலம் ஒரு சாண் ஜாஸ்தி. மாட்டணும்னா மூக்க அறுக்கணும். அறுத்தா எங்க மாப்ள என்னை அறுத்துடுவாரு."

"அப்போ இதையே சுத்தம் பண்ணித் தரேன்."

"இதுல தண்ணி ஓடுற குழாய் மூணு வரிசைதான் இருக்கு. தாங்காது. மேல் தொட்டி, கீழ் தொட்டி ரெண்டையும் வச்சிக்கிட்டு நடுவுல நாலு வரிசை கட்டிக் குடு. செம்புலயே கட்டு."

கரண்டில் ஓடும் ஃபேன் வைத்தால் இடம் மிச்சம் என்று யாரோ சொன்னதையும் அவர் ஏற்கவில்லை. கரும்பு லோடோடு மேடு ஏறும்போது ஒயர் கருகினால் என்ன செய்வது? இஞ்சினே சுழற்றும் ஃபேனை வைத்து, அது ரேடியேட்டருக்கு எட்டாமல் போனதால் லேத்தில் இரண்டு அங்குலக் கட்டை கடைந்து இடையில் கொடுத்தார். காற்று பக்கவாட்டில் ஓடிவிடாமல் ஃபேனைச் சுற்றித் தகரத்தில் கூடு அடித்தார். டர்போவின் காற்றை ஆற்றுகிற இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் மூன்று விரல் இடைவெளி விட்டு நிறுத்தினார். இதற்கெல்லாம் பதினோரு நாள் ஆயிற்று. ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவித் தடவிப் பார்த்தார்.

புகைக்குழாய்க்கு அவர் கொடுத்தது ஒன்றரை நாள்.

பழைய இஞ்சின் இடப்பக்கம் புகை தள்ளும். புதியது வலப்பக்கம். அந்தப் பக்கம் இருந்த டீசல் டேங்கை மட்டும் கழற்றி இடப்பக்கம் மாற்றிவிட்டார். ஆனால் லோடு ஏற்றுகிற மரப்பலகைகள் குழாய்க்கு நேர் மேலே இருந்தன. குழாயை வளைத்து இடப்பக்கம் கொண்டுபோக வேண்டும். இல்லை, பலகைக்கும் குழாய்க்கும் நடுவில் சூடு தடுக்கிற தகடு வைக்க வேண்டும். அதோடு இந்த இஞ்சினுக்கு நாலு அங்குலக் குழாய் வேண்டும். சென்னையிலிருந்து வளைவும் சைலன்சரும் வர பத்து நாள் ஆகும் என்றார்கள். கையில் இருந்ததோ பழைய வண்டியின் இரண்டரை அங்குலக் குழாய். புகை போகிற வழி குறுகினால் சூடு உள்ளேயே தேங்கும், குழாய் பழுக்கும். இது தில்லைநாதனுக்குத் தெரியாத விஷயம் அல்ல.

வைத்திலிங்கம் பட்டறை வாசலில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார்.

"மச்சான், ஆலையில கட்டிங் ஆர்டர் குடுத்துட்டாங்க. ஆளுங்க வெட்ட ஆரம்பிச்சிட்டாங்க. பத்து நாள் தள்ளினா வேற வண்டியப் பாத்துப்பாங்க."

"பலகைக்கும் குழாய்க்கும் நாலு விரக்கடதான் இருக்கு மாப்ள. தகடு இல்லாம விடறது தப்பு."

"பச்சைக் கரும்பு பத்திக்குமா? அதுவே சாறு ஒழுக ஒழுக வரும். நீ பழைய குழாயையே ஒட்டிக் குடு. சைலன்சர் வந்ததும் கொண்டாந்து நிறுத்தறேன்."

தில்லைநாதன் பழைய குழாயைப் பலகைக்கு அடியில் பிடித்துப் பார்த்தார். பிறகு வெல்டிங் மெஷினை இழுத்தார்.

"டெம்பரவரியாத்தான் வைக்கறேன். கரும்பத் தவிர வேற எதையும் ஏத்தாதே."

"ஏத்தல மச்சான்."

மறுநாள் காலை சோதனைக்காக இருவரும் கடலூர் வரைக்கும் ஓட்டிப் போனார்கள். புதுச்சத்திரம் தாண்டி, ஆலப்பாக்கம் தாண்டி, வெயில் ஏற ஏற வண்டி இழுத்த இழுப்பில் வைத்திலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். தில்லைநாதன் கண் எடுக்காமல் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பாதியைத் தாண்டவில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

"என்னமோ கருகுற வாடை வருது மச்சான்" என்றார் வைத்திலிங்கம், மூக்கை உறிஞ்சி.

"ஒட்டுப்போட்ட எடத்துல அடிச்ச பெயிண்ட்டு. நாலஞ்சு நாளைக்கு அடிக்கும். நீ முள்ளப் பாரு, வாடைய விடு."

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு வைத்திலிங்கம் போன் செய்தார். தில்லைநாதனின் இரண்டு கையும் ஒரு கியர்பாக்ஸுக்குள் இருந்தன. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டார்.

"மச்சான், ஆலையில ரிப்பேராம், ரெண்டு நாள் லீவு. காடாம்புலியூர்ல முந்திரித் தோடு ஒரு லோடு இருக்கு, கடலூர்ல பாய்லருக்கு. கிட்டக்கதான். போயிட்டு வந்துடட்டுமா?"

எண்ணெய்க் கையோடு தில்லைநாதன் யோசித்தது ஒரு விநாடி. முந்திரிக்கொட்டையின் தோட்டில் எண்ணெய் இருக்கும் என்று அந்த மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எரிக்கத்தானே பாய்லருக்கு வாங்குகிறார்கள்.

"தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"முள்ளு பாதியிலயே நிக்குது."

"சரி, பாத்துப் போயிட்டு வா."

பகல் பதினொன்றரைக்கு, மேல்பட்டாம்பாக்கம் தாண்டி, டீக்கடையில் நின்றவர்கள் கத்தினார்கள். லாரியின் அடியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. வைத்திலிங்கம் ஓரமாக நிறுத்தி இறங்கினார். அப்போது அவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பின்னால் போய்ப் பார்த்தார். பலகை இடுக்கில் தீ நாக்கு நீட்டியது. தோட்டைக் கீழே தள்ளிவிட்டால் வண்டி பிழைக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். சக்கரத்தின் மேல் ஏறித் தார்ப்பாய்க் கயிற்றை அறுத்தார். லாரியின் பக்கவாட்டுக் கதவு திறந்துகொண்டு, அடியில் ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்த தோடு அத்தனையும் அவர் மேல் சரிந்தது. முந்திரித் தோட்டு எண்ணெய் சும்மா பட்டாலே தோலைப் புண்ணாக்கும். எரியும்போது அது ஒட்டிக்கொண்டு எரிகிறது.

புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டாம் நாள் தில்லைநாதனை உள்ளே விட்டார்கள். கட்டுக்கு நடுவே கண்ணும் உதடும் மட்டும் தெரிந்தன.

"வண்டி?" என்று கேட்டார் வைத்திலிங்கம்.

"அத விடு மாப்ள. அப்புறம் பாத்துக்கலாம்."

"எறங்கறப்போகூட முள்ளு பாதியிலதான் மச்சான் இருந்துச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார். "வாடை வந்துச்சு. கெடிலம் பாலத்தாண்டயே வந்துச்சு. நீ சொன்னியேன்னு விட்டுட்டேன்."

அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். தில்லைநாதன் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நர்ஸ் வந்து வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

அதற்குள் வெளியே வேறொரு கதை உருவாகியிருந்தது. காடாம்புலியூரில் லோடு ஏற்றிய ஆட்களில் செந்தமிழ்செல்வன் என்று ஒருவர். லோடு ஏற்றும் நேரத்தில் அவர் பீடி குடித்ததைப் பார்த்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். வைத்திலிங்கத்தின் பங்காளிகள் ஒரு வேனில் போய் அவரை வீட்டிலிருந்து இழுத்து அடித்தார்கள். பிறகு போலீஸில் ஒப்படைத்தார்கள். வழக்குப் பதிவாயிற்று.

மூன்றாம் நாள் மத்தியானம், தீக்காய வார்டுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். யார் யாரையோ விசாரித்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த தமிழ்ச்செல்வியின் காலில் விழுந்தாள்.

"அக்கா, நான் செந்தமிழ்செல்வன் சம்சாரம், ரேகா. அவரு பீடி குடிப்பாருக்கா, இல்லன்னு சொல்லல. ஆனா தோட்டாண்ட நின்னு குடிக்கமாட்டாரு. இருவது வருஷமா தோடு அள்ளுறவருக்குத் தெரியாதா?"

தமிழ்ச்செல்வி காலை இழுத்துக்கொண்டாள். "உள்ள வந்து பாக்குறியா, உம் புருஷன் பண்ணி வச்சத?"

பங்காளிகள் ரேகாவைப் படிக்கட்டு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். தில்லைநாதன் சுவரோரம் நின்றிருந்தார். அவள் போகிறபோது அவரையும் ஒரு முறை பார்த்தாள். அவர் யார் என்று அவளுக்குத் தெரியாது.

நாலாம் நாள் அவர் யாரிடமும் சொல்லாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த லாரியைப் பார்க்கப் போனார். மூக்கின் பெயிண்ட் பொரிந்திருந்தது. உள்ளே ரேடியேட்டர் முழுசாக இருந்தது. பழக்க தோஷத்தில் மூடியைத் திருகிப் பார்த்தார். தண்ணீர் விளிம்பு வரைக்கும் நின்றது. ஒரு சொட்டுக் குறையவில்லை.

மண்ணில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனார். அவர் ஒட்டிய இடத்திலிருந்து சைலன்சர் வரைக்கும் குழாய் ஊதாவும் கருநீலமுமாக நிறம் மாறியிருந்தது. அதன் மேல் பலகை இடுக்கிலிருந்து சொட்டிய தோட்டு எண்ணெய் தார் போல உறைந்து கிடந்தது. குழாய்க்கு நேர் மேலே இரண்டு பலகைகள் அடியோடு இல்லை. ஓரத்தில் மிஞ்சிய துண்டுகளில் அடிப்பக்கம்தான் ஆழமாகக் கருகியிருந்தது. குழாயைவிட்டுத் தள்ளியிருந்த பலகைகளில் அடிப்பக்கம் கருகாமல் மரமாகவே இருந்தது. அவர் அங்கேயே கிடந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு போலீஸ்காரர் வந்து காலைத் தட்டி, "யாருய்யா அது?" என்று கேட்டபோதுதான் வெளியே வந்தார்.

வைத்திலிங்கத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று மறுநாள் காலை பஸ் ஏறினார். அவர் புதுச்சேரி போய்ச் சேரும் முன்பே போன் வந்துவிட்டது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள், முதுநகர் வீட்டின் பின்கட்டில் தங்கை தனியாக இருந்த நேரத்தில் அவர் பேச்சை எடுத்தார்.

"தமிழு, அந்த ஆளு மேல தப்பு இல்ல."

"எந்த ஆளு?"

"லோடு ஏத்தினவன். நான் அடியில படுத்துப் பாத்தேன். பீடின்னா மேலேர்ந்து கீழ எரியணும். இது கீழேர்ந்து மேல எரிஞ்சிருக்கு. குழாய்ச் சூட்டுல பத்தினது."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. முகம் மெல்ல மாறியதை அவர் பார்த்தார்.

"எந்தக் குழாய்?"

"நான் வச்சது. தகடு வைக்காம விட்டேன். தோடு ஏத்தட்டுமான்னு கேட்டாரு, சரின்னேன்."

வாசலில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"எங்கிட்டச் சொல்லிட்ட இல்ல, போதும்" என்றாள் தமிழ்ச்செல்வி. "வேற யாருகிட்டயும் சொல்லாதண்ணே. எனக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான். புருஷனையும் குடுத்துட்டு, அதையும் நானே கொளுத்திக்கணுமா?"

"அவன் ஜெயில்ல கெடக்கறாம்மா."

"கெடக்கட்டும். வந்துடுவான்ல? எம் புருஷன் வருவாரா?"

அவள் எழுந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை தில்லைநாதன் ஸ்டேஷனுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் முதலில் நம்பவில்லை. செத்தவரின் மைத்துனர், துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்தார். "அந்த ஆளக் காப்பாத்த வந்திருக்கியா? அவன் என்ன, ஒனக்கு வேண்டியவனா?" என்று கேட்டார்.

"அந்தாள நான் பாத்ததே இல்லங்க. ஒரு பேப்பர் குடுங்க, வரைஞ்சு காட்டறேன்."

இஞ்சின் எங்கே, டர்போ எங்கே, குழாய் எந்த வழியாகப் போகிறது, பலகை எத்தனை விரற்கடை மேலே என்று கோடு போட்டுக் காட்டினார். கீழே நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டார். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து லாரியின் அடியைப் பார்த்தார். வரைந்தது சரியாக இருந்தது. செந்தமிழ்செல்வனை வெளியே விட்டார்கள். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகத் தில்லைநாதன் மீது வழக்கு வந்தது. இரண்டாம் வாரம் ஜாமீன் கிடைத்தது.

ஜாமீனில் வந்த மூன்றாம் நாள் வைத்திலிங்கத்தின் கருமாதி. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக்காரர்தான் கோடிச் சேலை எடுத்துப் போட வேண்டும். தில்லைநாதனும் அவர் மனைவி மங்கலமும் சிதம்பரத்தில் சேலை எடுத்துக்கொண்டு போனார்கள். பந்தலில் யாரும் வாவென்று சொல்லவில்லை. யாரும் போ என்றும் சொல்லவில்லை. அவர் தட்டை ஏந்திக்கொண்டு தங்கைக்கு முன்னால் போய் நின்றபோது, தமிழ்ச்செல்வி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, வல்லம்படுகையிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகனைப் பார்த்து, "நீ போடு தம்பி" என்றாள்.

அவன் தயங்கித் தயங்கித் தன் தோள் துண்டை எடுத்து அவள் மேல் போட்டான். தில்லைநாதன் தட்டோடு பின்னால் நகர்ந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் மங்கலம் சேலைப் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பட்டறைக்கு வண்டிகள் வருவது நின்றுவிடவில்லை, குறைந்தது. வந்தவர்களிடம், சாமான் இல்லாமல் வேலையை முடித்துத் தர மாட்டேன் என்று சொல்லிவிடுவார். சிலர் திட்டிவிட்டு வேறு இடம் போனார்கள். சென்னையிலிருந்து வந்த நாலு அங்குல வளைவும் சைலன்சரும் அட்டை பிரிக்காமல் கொஞ்ச நாள் கிடந்தன. பிறகு வேறொரு லாரிக்குப் போட்டுவிட்டார்.

சித்திரையில் ஒரு நாள் காடாம்புலியூருக்குப் போனார். ஏன் போகிறோம் என்று அவருக்கே தெளிவாக இல்லை. முந்திரிக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். செந்தமிழ்செல்வன் ஒரு மூலையில் தோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். தில்லைநாதன் கிட்டே போய்த் தாழ்ந்த குரலில் தான் யார் என்று சொன்னார்.

"இந்தக் காதுல கேக்காதுங்க. அன்னிக்கி அடிச்சதுல போயிடுச்சு" என்றார் செந்தமிழ்செல்வன், முகத்தைத் திருப்பி. "சத்தமாச் சொல்லுங்க."

"லாரியில குழாய் வச்சது நான்தான்" என்றார் தில்லைநாதன் உரக்க. "உங்க மேல தப்பு இல்ல."

கொட்டை உடைக்கும் சத்தம் நின்றது. செந்தமிழ்செல்வன் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார். அவர் முகத்தில் கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை.

"அதான் ஸ்டேஷன்லயே சொன்னீங்களாமே. ஆனா இங்க யாரும் நம்பலீங்க. லோடு ஏத்த என்னை விடறதில்ல. கூட்டத்தான் சொல்றாங்க." கொட்டகையின் கோடியில் இருந்த அறையைக் காட்டினார். "மொதலாளி அங்க இருக்காரு. அவரு காதுல விழற மாதிரி இன்னொருவாட்டி சொல்லிட்டுப் போறீங்களா?"

தில்லைநாதன் அந்த அறை வாசலுக்குப் போய் மறுபடி சொன்னார். முதலாளி கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டார், சரி என்றார். பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும், "செத்தது யாரு, ஒங்களுக்குச் சொந்தமா?" என்று கேட்டாள்.

"தங்கச்சி வீட்டுக்காரரு" என்றார் அவர்.

அதற்கப்புறம் செந்தமிழ்செல்வனை லோடு ஏற்றக் கூப்பிட்டார்களா என்பது அவருக்குத் தெரியவில்லை. போய்க் கேட்கவும் இல்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா நாளில் கோர்ட்டுக்கு வருகிற தமிழ்ச்செல்வி, சாட்சிகள் உட்காரும் பெஞ்சில், அவருக்கு நாலடி தள்ளி உட்காருவாள். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து போவாள். முடிந்ததும், அவர் எழும் முன்பே முதுநகர் பஸ்ஸைப் பார்த்து நடந்துவிடுவாள்.